கண்டுபிடித்தது யாருங்க?

கணபதி, கோவை
8 ஜனவரி 2025

ரம்ஷாவின் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் மகளும் நலம். நீங்கள் நலமென்றும், தாஜுன்னிசா அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதென்றும் ரம்ஷா சொன்னாள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இதற்குக் காரணமும் ரம்ஷாதான். போன வாரம் போனில் நாம் இரண்டு பேரும் கத்திக்கொண்டதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்ததும், "அம்மா, இனிமே நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசிக்க வேண்டாம். எங்கிட்டச் சொல்லி அனுப்பவும் வேண்டாம், எனக்குப் படிக்கிற வேலை இருக்குது. எழுதிக்குங்க" என்றாள். வாட்ஸ்அப்பில் எழுதுகிறேனே என்றேன். "அதுலயும் சண்டைதான் போடுவீங்க. பேப்பர்ல எழுதுங்க. ஸ்டாம்ப் ஒட்டறதுக்குள்ள பாதிக் கோவம் ஆறிரும்" என்றாள். பதினோராம் வகுப்புப் படிக்கிறவள் பேசுகிற பேச்சா இது?

விஷயத்துக்கு வருகிறேன். நாடிப்பெட்டிக்கு நான் போட்டிருந்த பேடன்ட் விண்ணப்பத்துக்குச் சென்னை அலுவலகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. மறுப்பு என்றுதான் சொல்ல வேண்டும். பதில் சொல்ல அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சரியான பதில் இல்லையென்றால் கதை முடிந்தது.

போர்வெல்லில் தண்ணீர் தீரப்போகும்போது குழாயில் ஒரு தனி நடுக்கம் வருகிறது, அதைக் கண்டுபிடித்தேன், அதை வைத்து மோட்டார் கருகுவதற்கு முன்பே நிறுத்தலாம் என்று நான் எழுதியிருந்தேன். அவர்கள் சொல்வது இதுதான்: அப்படி ஒரு நடுக்கம் இருக்கிறது என்று அறிந்துகொண்டது டிஸ்கவரி, டிஸ்கவரிக்குப் பேடன்ட் கிடையாது, இன்வென்ஷன் இருந்தால் காட்டு. ஆங்கிலத்தில் நான்கு பக்கம். சாரம் இந்த மூன்று வரிதான்.

உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கலாம். போன ஆடி மாதம் தாராபுரம் பக்கம் மருதாசலம் தோட்டத்தில் பெட்டியை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர், "இதைக் கண்டுபிடிச்சது யாருங்க?" என்று கேட்டார். "நான்தானுங்க" என்று நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் சிரித்தார். நாம் சிரிக்கவில்லை. பெட்டி மேல் ஒட்டியிருந்த தாளில் 'இன்வென்டர்' என்று என் பெயர் மட்டும் இருந்ததை நீங்கள் அப்போதுதான் பார்த்தீர்கள். அன்றைக்கு அங்கேயே உங்கள் அக்கா வீட்டில் தங்கியவர் இன்னும் கோவை திரும்பவில்லை.

மோட்டார் ரிவைண்டிங் கேட்டுப் பட்டறைக்கு வருகிறவர்களிடம் "அவர் ஊருக்குப் போயிருக்காருங்க" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்வது?

சஃபியா

*

தாராபுரம்
19 ஜனவரி 2025

சஃபியாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. எனக்கு எழுத வராது. கையில் மோட்டாருக்குச் சுற்றுகிற காயில் கம்பி இருந்தால் ஓடும், பேனா ஓடாது. தப்பு இருந்தால் ரம்ஷாவிடம் காட்டாதே.

எனக்குச் சந்தோஷம் என்று நீ எப்படி எழுதலாம்? அந்தப் பெட்டியில் என் இருபத்திரண்டு வருஷத்துக் காது இருக்கிறது. எத்தனை கருகிய மோட்டாரைக் கழற்றியிருப்பேன்! ஒவ்வொரு தோட்டத்திலும் டெலிவரி குழாயில் காதை வைத்துக் கேட்டுக் கேட்டுத்தான், தண்ணீரோடு காற்று சேர்ந்து வரும்போது குழாய் ஒரு மாதிரி விறுவிறுவென்று நடுங்குகிறது என்று எனக்குப் பிடிபட்டது. அப்போது நீ என்ன செய்தாய்? நம்பவில்லை. "மோட்டார் சூடாகிற சத்தமா இருக்கும்" என்றாய். உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், குழாயில் உன் காதை நான்தான் வைத்தேன். அப்புறம்தான் உன் சர்க்யூட், உன் சாலிடரிங் எல்லாம்.

நீ பாலிடெக்னிக் படித்தவள். நான் பத்தாவதோடு நிறுத்தியவன். அதனால் என் பெயர் வேண்டாம் என்று நினைத்தாயா? இதைக் கேட்கக்கூடாது என்றுதான் இத்தனை மாதம் போனில் வேறு எதையெதையோ கேட்டுக் கத்திக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. நீ வேறு வழியில் கேள்விப்படுவதைவிட நான் சொல்வது நல்லது. அவிநாசி ரோட்டில் இருக்கிற ஒரு பம்ப் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் என்னைத் தேடி வந்தார். இதை உண்மையில் கண்டுபிடித்தவன் நான்தான், சஃபியா இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தால், அவர்கள் உன் விண்ணப்பத்தை எதிர்த்து மனுப் போடுவார்களாம். உனக்குப் பேடன்ட் கிடைக்காவிட்டால் அந்தப் பெட்டியை யார் வேண்டுமானாலும் செய்யலாம் இல்லையா? அதுதான் அவர்களுக்கு வேண்டியது. "உங்க பேரு வெளிய வரட்டும்ணா" என்று தேன் தடவிப் பேசினார். எழுதிய காகிதத்தைக் கையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. கிழித்துப் போடவும் இல்லை.

ரியாஸ்

*

கணபதி
3 பிப்ரவரி 2025

ரம்ஷாவின் அத்தாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பட்டறையைத் திறக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

படிப்பை வைத்து நான் உங்களை எடைபோட்டேன் என்று நினைத்துவிட்டீர்கள். அப்படி இல்லை. விண்ணப்பத்தில் 'இன்வென்டர்' என்று ஒரு கட்டம் இருந்தது. பெட்டியைச் செய்தது யார் என்று கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். செய்தது நான். எழுதினேன். பெட்டித் தாளிலும் அதையே போட்டேன், நீங்கள் அந்த வார்த்தையைக் 'கண்டுபிடித்தவர்' என்று தமிழில் படித்தீர்கள். கண்டுபிடித்தது நீங்கள். கோபம் வந்தது. இதை எனக்கு விளங்க வைத்தவர் கிளாடிஸ் மேடம்.

ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் அலுவலகம் வைத்திருக்கிறார், பேடன்ட் ஏஜென்ட். மறுப்பைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் போனேன். என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "என்னங்க சஃபியா இது, முதல் பக்கம் பூராவும் 'டிஸ்கவர்டு, டிஸ்கவர்டு'ன்னு எழுதியிருக்கீங்க! நீங்களே வேண்டாம்னு எழுதிக் குடுத்த மாதிரி இருக்குது."

"கண்டுபிடிச்சேன்னு எழுதணும்னு டிக்‌ஷனரியில பார்த்துத்தானுங்க எழுதினேன்" என்றேன்.

அவர் சன்னலைக் காட்டினார். "நம்ம பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து அடிக்குதே, அது எப்பவும் அடிச்சுட்டுத்தான் இருக்குது. இந்தக் காலத்துல இந்தப் பக்கமா இவ்வளவு வேகமா அடிக்குதுன்னு ஒருத்தர் அறிஞ்சு சொன்னார்னா அது டிஸ்கவரி. ஏற்கெனவே இருந்தது, யாருக்கும் தெரியலை, அவருக்குத் தெரிஞ்சுது. அந்தக் காத்துல கரண்ட் எடுக்கக் காத்தாடி செஞ்சாங்களே, அது இன்வென்ஷன். அதுக்கு முன்னாடி அப்படியொரு பொருள் உலகத்துலயே இல்லை. ஒண்ணு திரையை விலக்கறது. இன்னொண்ணு இல்லாததை உண்டாக்கறது. தமிழ்ல ரெண்டையும் கண்டுபிடிப்புன்னு சொல்லிப்போடறோம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது மனதில் அதே ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மருதாசலம் கேட்டது ஒரு கேள்வி இல்லை, இரண்டு கேள்வி. நீங்கள் ஒன்றுக்குப் பதில் சொன்னீர்கள், நான் இன்னொன்றுக்கு. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னோம். இரண்டு பேருமே அடுத்தவர் பொய் சொல்வதாக நினைத்தோம்.

நடுக்கத்தை டிஸ்கவர் செய்தது நீங்கள். பெட்டியை இன்வென்ட் செய்தது நான். இதை முன்பே இப்படிச் சொல்லத் தெரிந்திருந்தால், நம் வீட்டில் இத்தனை மாதமாக இரண்டு தட்டு மட்டும் கழுவிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்தக் காகிதம் இன்னும் உங்களிடம் இருக்கிறதா? கேட்கக்கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

சஃபியா

*

தாராபுரம்
16 பிப்ரவரி 2025

சஃபியா,

ஸலாம். காய்ச்சல் என்று சொன்னாயாமே, உண்மையில் இல்லையே? மார்க்கம் தடுத்திருக்கிறது, பொய் சொல்லாதே.

உன் இரண்டு வார்த்தையை நானும் பார்த்தேன். அக்கா மகனின் அகராதியை வாங்கிப் புரட்டினேன். இன்வென்ட் என்றால் புதிதாக உண்டாக்குவது. சரி. அதற்குக் கீழேயே இன்னொரு அர்த்தமும் போட்டிருக்கிறது: இல்லாததைக் கட்டிச் சொல்வது, பொய்ச் சாக்குக் கற்பிப்பது. பார்த்துக்கொள்! டிஸ்கவருக்கு அப்படி ஒரு கெட்ட அர்த்தமே கிடையாது. தொலைந்த நகையைப் போலீஸ் தேடி எடுத்தாலும் டிஸ்கவர், டாக்டர் ஒரு நோயை அறிந்தாலும் டிஸ்கவர். எனக்குக் கிடைத்ததுதான் சுத்தமான வார்த்தை.

இதை எழுதிவிட்டு நானே சிரித்தேன். அக்கா எட்டிப் பார்த்தது. "என்னடா, ஒண்டியா சிரிக்கிற?" என்று கேட்டது. "இங்கிலீஷ் படிக்கிறேன்க்கா" என்றேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று துஆ ஓதி ஊதிவிட்டது.

ஆனால் சிரிப்புக்குப் பிறகு ஒரு வருத்தம் வந்தது. உன் கிளாடிஸ் மேடத்தைக் கேள். காத்தாடி செய்தவருக்குப் பேடன்ட். காற்றை அறிந்து சொன்னவருக்கு என்ன? ஒன்றுமில்லை, அப்படித்தானே? உன்னுடையதற்கு அரசாங்கம் முத்திரை போட்டுச் சான்றிதழ் கொடுக்கும். என்னுடையதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நான் நியாயம் கேட்கவில்லை. சட்டம் அப்படியென்றால் அப்படியே இருக்கட்டும். ஆனால் நாளைக்கு ரம்ஷாவின் பிள்ளைகள் கேட்டால், தாத்தா மோட்டார் ரிப்பேர்காரர், பாட்டிதான் எல்லாம் செய்தவர் என்றுதானே சொல்வார்கள்?

காகிதம் இருக்கிறது. அலமாரியில், என் சட்டைக்கு அடியில். அந்த ஆள் போன் செய்துகொண்டே இருக்கிறார்.

ரியாஸ்

*

கணபதி
2 ஏப்ரல் 2025

ரம்ஷாவின் அத்தாவுக்கு,

ஸலாம். நோன்பு முழுக்க நான் எழுதவில்லை. பெருநாளுக்காவது வருவீர்கள் என்று எதிர்பார்த்தேன். ரம்ஷாவை மட்டும் தாராபுரத்துக்கு வரச்சொல்லிப் புதுத்துணி எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். பிரியாணி செய்தேன். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தும் மிச்சம். மூன்று பேருக்குச் செய்தே பழகிய கை.

பதில் அனுப்பிவிட்டோம். கிளாடிஸ் மேடம் விண்ணப்பத்தில் நான் உரிமை கேட்டிருந்த பகுதியைத் திருத்தியிருக்கிறார். 'குழாய் நடுக்கம்' என்னுடையது என்று கேட்டதை முழுவதும் எடுத்தாகிவிட்டது. அது யாருடையதும் இல்லை. இப்போது கேட்பது பெட்டிக்கு மட்டும்: குழாயில் மேலே ஒரு சென்சார், ஒரு முழம் கீழே ஒரு சென்சார். இரண்டும் ஒரே சமயத்தில் நடுங்கினால் அது மோட்டாரின் அதிர்வு, விட்டுவிடும். கீழே நடுங்கி அப்புறம் மேலே நடுங்கினால் காற்றுக் குமிழ் ஏறி வருகிறது, உடனே ஸ்டார்டரை நிறுத்திவிடும். அவ்வளவுதான். இப்படிப் பார்த்தால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது! ஆனால் இதில் ஒவ்வொரு அங்குலமும் நான் செய்தது.

மே முதல் வாரம் விசாரணை. வீடியோவில்தான். அதிகாரி கேட்பார், நாம் சொல்ல வேண்டும். அதோடு முடிவு. இது போனால் ஹைகோர்ட்டில் அப்பீல் ஒன்றுதான் வழி, அது நம் கைக்கு எட்டாது என்று மேடம் சொல்கிறார். கம்பெனிகள் காத்துக்கொண்டிருக்கின்றன.

உங்கள் வருத்தத்துக்கு என்னிடம் சமாதானம் இல்லை. மேடத்தைக் கேட்டேன். "சட்டத்துல இடமில்லைங்க" என்றார். அதை மறைத்து உங்களுக்கு இனிப்பாக எழுத எனக்கு விருப்பமில்லை.

அந்தக் காகிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, விசாரணையில் குழாயில் முதலில் காது வைத்தது யார் என்று கேட்டால் நான் உங்கள் பெயரைத்தான் சொல்வேன். அதனால் எனக்கு நஷ்டம் வந்தாலும் சொல்வேன். கையெழுத்துக்கு விலையாக இதைச் சொல்லவில்லை என்று தெரிவிக்கவே இப்போதே எழுதுகிறேன்.

சஃபியா

*

தாராபுரம்
14 ஏப்ரல் 2025

அன்பு சஃபியா,

ஸலாம். நேற்று நடந்ததை உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது. காலையில், இங்கே நான் போட்டிருக்கிற ரிவைண்டிங் கடையைத் திறக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வரும்போது நம் பெட்டி ஒன்று என் பையில் இருந்தது உனக்குத் தெரியும். அதை மாசி மாதமே சாமியாத்தாள் என்கிற அம்மா தோட்டத்தில் மாட்டியிருந்தேன். ஊருக்கு வெளியே, மூலனூர் போகிற வழியில் தோட்டம். தனியாக வெள்ளாமை பார்க்கிற மனுஷி. முருங்கை போட்டிருக்கிறார். இந்த வெயிலில் அந்தப் பக்கம் போரெல்லாம் இறங்கிப்போய்விட்டது. முந்தாநாள் ஒரே நாளில் அக்கம்பக்கத்தில் மூன்று மோட்டார் கருகி என் கடைக்கு வந்தன. மூன்றிலும் வேறு வேறு கம்பெனியின் பாதுகாப்புக் கருவி மாட்டியிருந்தது. வோல்டேஜ் ஏறி இறங்குகிற ஊரில் அதெல்லாம் குழம்பிப்போகிறது.

நேற்றுக் காலையில் சாமியாத்தாள் அம்மா மொபெட்டில் வந்து இறங்கினார். இவர் மோட்டாரும் போச்சு என்று நினைத்தேன். அவர் கையில் மோட்டார் இல்லை, ஒரு கட்டு முருங்கைக்காய்.

"கண்ணு, மோட்டாரைப் போட்டுட்டுக் கண்ணாலத்துக்குப் போயிட்டேன். வந்து பார்த்தா நின்னு கெடக்குது, பெட்டியில செவப்பு வெளக்கு எரியுது. போருல தண்ணி இல்லை. உன்ற பெட்டி என்ற மோட்டாரைக் காப்பாத்திப்போட்டுது!"

"அது என்ற பெட்டி இல்லைங்க ஆத்தா, என்ற ஊட்டுக்காரி பெட்டி" என்றேன். என் வாயிலிருந்து தானாக வந்தது.

அப்புறம் யோசித்தேன். அவர் மோட்டாரில் காற்று ஏறியபோது நான் எங்கே இருந்தேன்? இங்கே கடையில் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். என் காது அங்கே இல்லை. நான் அறிந்தது உண்மை, ஆனால் நான் போகிற தோட்டத்தில்தான் அது உதவும். நீ என்ன செய்திருக்கிறாய் என்றால், காது இல்லாத இடத்திலும் கேட்க வைத்திருக்கிறாய். நீ எழுதியதை அகராதியில் பார்த்தபோது புரிந்ததைவிட, முருங்கைக்காயைக் கையில் வாங்கியபோது நன்றாகப் புரிந்தது.

சாயங்காலம் கம்பெனி ஆளே வந்துவிட்டார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணா, இன்னிக்காவது முடிச்சுக் குடுங்க. இதைக் கண்டுபிடிச்சது நீங்கதானே?"

"எதைங்க தம்பி?"

"இதைத்தானுங்ணா, நாடிப்பெட்டி."

"பெட்டியையா, குழாய்ச் சத்தத்தையா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

"ஒண்ணில்லைங்க. சத்தத்தை நான் டிஸ்கவர் பண்ணினேன். பெட்டியை இன்வென்ட் பண்ணினது என் சம்சாரம். நீங்க கையெழுத்துக் கேக்கறது பெட்டிக்கு. அது என்னோடது இல்லீங்க, எப்படிப் போடுவேன்?"

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சட்டைக்கு அடியிலிருந்து காகிதத்தை எடுத்துவந்து அவர் கையிலேயே கொடுத்தேன். "டீ சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன். சாப்பிடாமல் போய்விட்டார். அக்கா சமையல்கட்டிலிருந்து கைதட்டியது.

விசாரணைக்கு நன்றாகத் தூங்கிவிட்டுப் போ. பயந்தால் நீ வேகமாகப் பேசுவாய். மெதுவாகப் பேசு.

ரியாஸ்

*

கணபதி
30 மே 2025

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். முடிவு வரும்வரை உங்களுக்கு எழுதக்கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்று காலை வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்! கொடுத்துவிட்டார்கள். நம் நாடிப்பெட்டிக்குப் பேடன்ட் கிடைத்துவிட்டது!

கிளாடிஸ் மேடம் போனில் சொன்னபோது நான் சாலிடரிங் இரும்பைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். எதிர் லேத் பட்டறையில் மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் ஓடிவந்தார்கள், நான் அலறிய அலறலில் ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து. அப்புறம் அவர்களே பேக்கரியிலிருந்து ஜிலேபி வாங்கிவந்து எனக்குக் கொடுத்தார்கள். ரம்ஷா தெருமுழுக்கச் சொல்லிவிட்டாள்.

விசாரணையைச் சொல்கிறேன். அதை முழுவதும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதிகாரி ஒரு பெண்மணி. தமிழ் தெரிந்தவர். ஆங்கிலத்தில் தொடங்கி, நான் திணறுவதைப் பார்த்ததும், "தமிழ்லயே சொல்லுங்க, பதிவுக்காக உங்க ஏஜென்ட் மொழிபெயர்ப்பாங்க" என்றார். கோபக்காரர் இல்லை, ஆனால் விடாதவர்.

"இந்த நடுக்கம் நீங்க வர்றதுக்கு முன்னாடியும் குழாயில இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க மேடம். போர் போட்ட காலத்துல இருந்தே இருக்குதுங்க."

"அப்ப அதை நீங்க இன்வென்ட் பண்ணலை."

"இல்லைங்க." பக்கத்தில் கிளாடிஸ் மேடம் பேனாவை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். நான் நிறுத்தவில்லை. "நான் அதை டிஸ்கவர்கூடப் பண்ணலைங்க. டிஸ்கவர் பண்ணினது என் ஊட்டுக்காரர், முகமது ரியாஸ். இருபத்திரண்டு வருஷம் குழாயில காதை வெச்சுக் கேட்டவர். நான் முதல்ல நம்பக்கூட இல்லைங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா நீங்க என்னதான் பண்ணினீங்க?"

பயந்தேன், மச்சான். அப்போது உங்கள் கடிதம் நினைவுக்கு வந்தது. மெதுவாகச் சொன்னேன். "அவரு காது இல்லாத எடத்துலயும் கேக்கற மாதிரி செஞ்சேனுங்க. அவரு கேட்டது எப்பவும் இருந்த சத்தம். அதை வேற சத்தத்துல இருந்து பிரிச்சு எடுக்கறதுக்கு ரெண்டு சென்சாரை இந்தத் தூரத்துல, இந்த வரிசையில வெச்சது நானுங்க. எது முன்னாடி நடுங்குது, எது பின்னாடி நடுங்குதுன்னு பார்த்து மோட்டாரை நிறுத்தற சர்க்யூட்டு நான் போட்டதுங்க. நான் செய்யறதுக்கு முன்னாடி அது எங்கயும் இல்லைங்க. நான் கேக்கறது அதுக்கு மட்டும்தானுங்க."

கொஞ்ச நேரம் அவர் ஏதோ எழுதினார். வேறு தொழில்நுட்பக் கேள்விகள் சில கேட்டார். எல்லாவற்றுக்கும் சொன்னேன். சாமியாத்தாள் அம்மா தோட்டத்தில் நடந்ததையும் சொன்னேன். கடைசியில், "முதல் விண்ணப்பத்துலயே இப்படிப் பிரிச்சு எழுதியிருந்தா உங்களுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லையே" என்றார்.

"நம்ம பாஷையில ரெண்டுக்கும் ஒரே சொல்லுங்க மேடம். நாங்க ஊட்டுக்குள்ளயே அதை வெச்சு சண்டை போட்டுட்டு இருந்தமுங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கிளாடிஸ் மேடம் அதை மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி அம்மா சிரித்துவிட்டார். "எனக்கும் அதே பாஷைதாங்க" என்றார்.

இன்று வந்த உத்தரவை ரம்ஷாவும் நானும் வரிவரியாகப் படித்தோம். இன்வென்டர் சஃபியா என்று இருக்கிறது. அதன் இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி. அதை ரம்ஷாவைத் தமிழாக்கச் சொல்லி இங்கே எழுதுகிறேன்: 'நீர் குறையும்போது குழாயில் தோன்றும் தனித்த நடுக்கத்தை முதலில் அறிந்தவர் தம் கணவர் முகமது ரியாஸ் என்பதை விண்ணப்பதாரர் வெளிப்படையாகத் தெரிவித்தார். அந்த டிஸ்கவரிக்கு விண்ணப்பதாரர் உரிமை கோரவில்லை. அதைப் பயன்படுத்தும் சாதனம் இன்வென்ஷன் ஆகும்.'

சட்டத்தில் உங்களுக்கு இடமில்லை என்றார்கள். பாருங்கள், அரசாங்க முத்திரை போட்ட காகிதத்தில் உங்கள் பெயர் முழுதாக இருக்கிறது. நான் யாரையும் கெஞ்சி எழுத வைக்கவில்லை. உண்மையைச் சொன்னேன், அவர்கள் பதிந்தார்கள்.

பக்ரீத் வருகிறது. இந்த முறை ரம்ஷாவை அங்கே அனுப்ப மாட்டேன்.

உங்கள்
சஃபியா

*

தாராபுரம்
3 ஜூன் 2025

என் சஃபியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அக்கா வீட்டு வாசலிலேயே நின்று உன் கடிதத்தைப் பிரித்தேன். அந்தப் பத்தியை எனக்கு நானே ஒருமுறை படித்தேன். அப்புறம் அக்காவுக்குச் சத்தமாகப் படித்தேன். அக்கா, "இன்னொருக்காப் படி" என்றது. பக்கத்துக் கடைக்காரர் வந்து எதுக்கு அழுதுகொண்டிருக்கிறாய் என்று கேட்டார். அழவில்லை, வெயில் என்றேன். அவருக்கும் படித்துக் காட்டினேன். இந்தத் தெருவில் இனிமேல் டிஸ்கவரி என்றால் என்னவென்று தெரியாதவர் யாரும் இல்லை.

இத்தனை வருஷமாக நான் செய்துவந்ததற்கு ஒரு பெயர் இருந்தது எனக்குத் தெரியாது. மோட்டார் கெட்டால் கூப்பிடுவார்கள், சரி செய்தால் அனுப்பிவிடுவார்கள். நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்த நேரத்தையெல்லாம் வீண் பொழுது என்று என் அத்தாவே திட்டியிருக்கிறார். நீ அந்த நேரத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டாய். அதிகாரி கேட்ட அந்த இடத்தில், உன்னுடையது எல்லாமே போய்விடக்கூடிய அந்த இடத்தில், நீ என் பெயரைச் சொன்னாய். வேறு எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. இதை நேரில் என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே கடையை அக்கா மகனிடம் ஒப்படைத்துவிட்டேன். உன் பெட்டி கேட்டு ஊரில் நிறையப் பேர் நிற்கிறார்கள். சாமியாத்தாள் அம்மா யாரையும் விடாமல் பிடித்துச் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து செய்தாலும் இந்த வருஷம் முழுக்க வேலை இருக்கும். உன் மேஜையை நான் தொட மாட்டேன். சன்னலோரம் என் பெஞ்சைப் போட்டுக்கொள்கிறேன், வெளிச்சம் வேண்டும்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் வாரேன். இந்தக் கடிதம் எனக்கு அப்புறம்தான் வந்து சேரும். தபால்காரர் கொடுக்கும்போது நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருப்பேன். நீ வாசலிலேயே நின்று படித்துவிட்டு வா. நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

உன்
ரியாஸ்